உத்தியோகத்தை விட்டுக் கமத்துக்குப் போகலாமா?



இருபது, இருபத்தைந்து ஆண்டுகளாக ஒரே கந்தோரிலோ வங்கியிலோ பாடசாலையிலோ உழைத்துக் களைத்தவர்கள் எம்மிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. "சுவாமி, போதும் என்றாகிவிட்டது. அப்பா விட்டுப்போன காணி கிடக்கிறது. வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வளவைப் பார்த்துக்கொண்டு நிம்மதியாய் இருந்தால் என்ன?" கேட்பவர்கள் சோம்பேறிகள் அல்லர். விடியுமுன் எழுந்து, ஏ9 வீதியில் நின்றபடியே பஸ்ஸில் பயணம் செய்து, இருட்டிய பின் வீடு திரும்புகிறவர்கள். சீனி, பிரஷர் என்று மாத்திரைச் சரை நீண்டுகொண்டு போகிறவர்கள். பிள்ளையோடு பொறுமையாய்ப் பேச முடியவில்லையே என்று தங்களையே நொந்துகொள்கிறவர்கள். இவர்களுக்கு 'அதெல்லாம் பேய்க்கதை, பேசாமல் வேலைக்குப் போ' என்று சொல்லி அனுப்பிவிடுவது இலகு. அது பதில் ஆகாது.

கைத்தொலைபேசியிலே காட்டப்படும் பச்சைப்பசேல் என்ற தோட்டங்களைப் பார்த்துவிட்டு, மண்ணுக்குத் திரும்பினால் மனக்கவலை எல்லாம் பறந்துவிடும் என்று நம்புவதும் பதில் ஆகாது. அந்தப் படங்களில் குரங்கும் வருவதில்லை, கடன்காரரும் வருவதில்லை.

எமது விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். போகலாம். ஆனால் நீங்கள் போகுமுன் வளவு தயாராகியிருக்க வேண்டும். சம்பளம் வந்துகொண்டிருக்கும் காலத்திலேதான் வளவைத் தயாராக்க முடியும். ஆகவே வேலையை விடுவது ஒருநாளில் எடுக்கும் முடிவல்ல. ஐந்தாறு ஆண்டுகள் செய்யவேண்டிய ஒரு வேலை. ஏன் என்று சற்று விரிவாகப் பார்ப்போம்.

வன்னி கண்ட பாடம்

உத்தியோகமும் கமமும் ஒன்றுக்கொன்று பகை என்று நினைப்பவர்கள் வன்னியின் குடியேற்ற வரலாற்றைச் சற்றுத் திருப்பிப் பார்ப்பது நல்லது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் ஏழைக் கமக்காரருக்கு மட்டும் காணி கொடுக்கவில்லை. நடுத்தர வகுப்பாருக்கும் அதிலே இடம் இருந்தது. யாழ்ப்பாணத்து ஆசிரியர்களும் எழுதுவினைஞர்களும் கிளிநொச்சிப் பக்கத்திலே 'மத்திய வகுப்புத் திட்டக் காணி' எடுத்தது இப்படித்தான். அவர்களில் அநேகர் உத்தியோகத்தை விடவில்லை. சனி, ஞாயிறுகளிலும் பாடசாலை விடுமுறைகளிலும் வந்து காடு வெட்டினார்கள், கிணறு வெட்டினார்கள், தென்னை நாட்டினார்கள். சம்பளத்தின் ஒரு பகுதி மாதாமாதம் மண்ணுக்குள் போயிற்று. மண் அதைத் திருப்பித் தரத் தொடங்கிய காலத்தில் அவர்களுக்கு இளைப்பாறும் வயது வந்துவிட்டது. பென்சன் ஒரு கையிலும் தேங்காய் மறு கையிலுமாக வாழ்ந்தார்கள். இடப்பெயர்வுகள் இந்த வாழ்வைக் குலைத்தன என்பது வேறு கதை. அவர்கள் போட்ட கணக்கில் பிழை இருக்கவில்லை.

இதற்கு மாறான இன்னொரு கதையும் உண்டு. 1960களின் பிற்பகுதியிலே 'படித்த வாலிபர் திட்டம்' வந்தது. விசுவமடுவிலும் முத்தையன்கட்டிலும் படித்த இளைஞர்கள் காணி பெற்று, மிளகாயும் வெங்காயமும் செய்தார்கள். 1970 தொடக்கம் 1977 வரை வெளிநாட்டு மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்தபடியால் நல்ல விலை கிடைத்தது. அக்காலத்தில் கல்வீடு கட்டினவர்களும் உழவு இயந்திரம் வாங்கினவர்களும் பலர். அரசாங்க உத்தியோகத்தைவிடத் தோட்டம் மேல் என்ற பேச்சும் எழுந்தது. 1977இலே திறந்த பொருளாதாரம் வந்ததும் இறக்குமதிக் கதவு திறந்தது, விலை இறங்கிற்று. உழைப்பிலே குறைவில்லை, மண்ணிலே குறைவில்லை, மழையிலேகூடக் குறைவில்லை. கொழும்பிலே எடுக்கப்பட்ட ஒரு தீர்மானம் வன்னித் தோட்டக்காரனின் வருமானத்தைக் கவிழ்த்துப் போட்டது.

முன்னவருக்கு மண்ணுக்கு வெளியே ஒரு வருமானம் இருந்தது. பின்னவருக்கு அது இருக்கவில்லை. எல்லா வேறுபாடும் இதற்குள் அடங்கிவிடுகிறது. பாப்பரசர் 23ஆம் அருளப்பர், தாமே ஒரு கமக்காரக் குடும்பத்துப் பிள்ளை, 1961ஆம் ஆண்டிலே வெளியிட்ட சமூகத் திருமடலில் கமத்தொழிலுக்கென்று நீண்ட பகுதியொன்றை ஒதுக்கினார். நியாயமான விலை, கடன் வசதி, காப்புறுதி என்பவற்றோடு, கமக்காரக் குடும்பங்களுக்குக் கமத்துக்குப் புறம்பான வருமானமும் வேண்டும் என்று அவர் அதிலே சொல்லியிருப்பதைப் பலர் கவனிப்பதில்லை.

வளவு வேறு, வயல் வேறு

பேச்சிலே 'காணி' என்று ஒரே சொல்லாற் சொல்லிவிடுகிறோம். ஆனால் வீட்டைச் சூழ்ந்த வளவும், வாய்க்காலோரத்து வயலும் இரண்டு வேறு சீவன்கள்.

வளவு குடும்பத்துக்குச் சோறு கறி போடும். முருங்கை, வாழை, பப்பாசி, கத்தரி, பயற்றை, கோழி, இரண்டு ஆடு, ஒரு பசு இருந்தால் சந்தைக்குக் கொண்டுபோகும் காசு பெருமளவு மிஞ்சும். ஆனால் மின்சாரப் பட்டியலையும், மகனின் ரியூசன் காசையும், வைத்தியர் எழுதிக் கொடுக்கும் மருந்தையும் முருங்கைக்காயைக் கொடுத்து வாங்க முடியாது. வளவு செலவைக் குறைக்கும்; காசைப் பெருக்காது. இதை விளங்கிக்கொள்ளாமல் வேலையை விட்டவர்களே அதிகம் துன்பப்படுகிறார்கள்.

வயல் காசு தரும். ஆனால் அது எப்படித் தருகிறது? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பென்சில் எடுத்து நீங்களும் உங்கள் இலக்கங்களைப் போடுங்கள்.

இரண்டு ஏக்கர் வயலுள்ள ஒருவர், ஏக்கருக்கு 1,600 கிலோ நெல் எடுத்ததாக வைத்துக்கொள்வோம். 2025 பெப்ரவரியில் அரசாங்கம் அறிவித்த உத்தரவாத விலை நாட்டு நெல் கிலோவுக்கு 120 ரூபா, சம்பாவுக்கு 125, கீரிச்சம்பாவுக்கு 132. நாட்டு நெல் என்று கொண்டால் 3,200 கிலோவுக்கு 384,000 ரூபா. பெரிய தொகைதான்! உழவு, விதைநெல், பசளை, களைநாசினி, பூச்சிமருந்து, அறுவடை இயந்திர வாடகை, ஏற்றுகூலி எல்லாமாகச் சேர்ந்து பாதியை விழுங்கிவிட்டால் மிஞ்சுவது 192,000. சிறுபோகத்துக்குக் குளத்திலே தண்ணீர் போதாமல் உங்கள் பங்கு வராத ஆண்டில், அதைப் 12 மாதத்துக்கும் பிரிக்கவேண்டும். மாதம் 16,000 ரூபா.

இந்த விலைகூட ஈரப்பதன் 14 வீதத்துக்கு மேற்படாத நெல்லுக்குத்தான். தை, மாசியிலே அறுத்த நெல்லைக் காயவைக்க இடமும் வெயிலும் இல்லாமல், கடன் கொடுத்தவர் படலையில் நிற்கும்போது, களத்திலேயே ஈர நெல்லாக வியாபாரிக்குக் கொடுப்பவர்களுக்கு அந்த 120 வெறும் பத்திரிகைச் செய்தி. நெல்லை ஒன்றிரண்டு மாதம் வைத்து விற்கக்கூடியவருக்கே விலை பேசும் பலம் உண்டு. அப்படி வைத்திருக்கக்கூடியவர் யார்? கையிலே வேறு காசு உள்ளவர். மறுபடியும் மாதச் சம்பளமோ பென்சனோ நினைவுக்கு வருகிறதல்லவா?

மனவழுத்தத்திலிருந்து தப்பிப் போகிறோம் என்போர் இன்னொன்றையும் சிந்திக்கவேண்டும். கந்தோரிலே ஒரு மேலதிகாரியின் முகத்தைப் பார்த்தால் போதும். கமத்திலே வானத்தின் முகத்தையும் கொழும்பின் முகத்தையும் பார்க்கவேண்டும். 2018 டிசம்பரிலே இரணைமடு நிறைந்து பாய்ந்தபோது கிளிநொச்சி, முல்லைத்தீவு வயல்கள் வெள்ளத்தில் மூழ்கின. 2020 டிசம்பரில் புரெவிப் புயல். 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரே இரவில் தடைசெய்தார்கள். நவம்பரில் தடையை நீக்கினார்கள், ஆனால் அதற்குள் காலபோகப் பயிர் பசளை காணாமல் வெளிறிப் போயிற்று. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயலோடு வந்த குளிர்காற்றில் வடக்குக் கிழக்கெங்கும் நூற்றுக்கணக்கான மாடுகளும் ஆடுகளும் விறைத்து மடிந்தன. இவற்றுக்கிடையே யானையும் பன்றியும் மயிலும் குரங்கும் வருவது நாளாந்த விடயம். நான்கு ஆண்டுகளுக்குள் நான்கு அடி. இந்த அடிகளை வாங்கிக்கொண்டு நிமிர்ந்தவர்கள் யார் என்று உங்கள் ஊரிலேயே எண்ணிப் பாருங்கள். வீட்டிலே ஒருவருக்காவது மாத வருமானம் இருந்த குடும்பங்கள் எத்தனை என்று தெரியவரும்.

தென்னையைக் கேளுங்கள்

நெட்டைத் தென்னை நாட்டினால் காய்க்க ஆறு, ஏழு ஆண்டுகள் செல்லும். ஒட்டு மாமரம் மூன்று, நான்கு ஆண்டு. எலுமிச்சையும் அப்படித்தான். வாழை ஓராண்டுக்குள் குலை தள்ளும். முருங்கை அதற்கும் முன்னர். வளவின் நாட்காட்டி இதுதான். ஐம்பத்தைந்து வயதிலே இளைப்பாறி வளவோடு இருக்க விரும்புகிறவர் நாற்பத்தெட்டிலே தென்னம்பிள்ளை நாட்டியிருக்க வேண்டும். ஏக்கருக்கு 64 பிள்ளை என்பது வழக்கமான கணக்கு. வேலையை விட்டபின் நாட்டுகிறவர், முதல் தேங்காய் விழும்வரை என்னத்தைச் சாப்பிடுவது?

முதல் மூன்று கோடைகாலம் தென்னம்பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றவேண்டும். வன்னியின் மேட்டுக்காணிக் கிணறுகள் பல ஆவணி, புரட்டாதியிலே அடி தெரிய வற்றிவிடும். ஆகவே வளவைப் பற்றிய முதற் கேள்வி மரம் அல்ல, கிணறு. புரட்டாதி மாதத்திலே கிணற்றுக்குள் எட்டிப் பாருங்கள். அந்த மாதத்திலே எத்தனை மணித்தியாலம் இறைத்தால் ஊற்று நிற்கிறது, மறுபடி ஊற எவ்வளவு நேரம் செல்கிறது என்று இரண்டு ஆண்டு எழுதி வைத்திருப்பவருக்கே தம் வளவு எத்தனை பேரைத் தாங்கும் என்று தெரியும். மார்கழியிலே கிணற்றைப் பார்த்துக் காணி வாங்குகிறவர், கலியாண வீட்டிலே பெண் பார்க்கிறவரைப் போன்றவர்!

வேலியையும் சம்பளக் காலத்திலேயே அடைத்துவிடுங்கள். கிளிசரியாக் கதியால் இலவசமாகவே கிடைக்கும். மாரி தொடங்க நட்டால் தழைத்து, ஆட்டுக்குக் குழையும் வயலுக்குப் பசளையும் தரும். கட்டாக்காலி மாடு ஒரே இரவில் தின்றுவிடும் தோட்டத்தைப் பார்த்து வயிறெரிவதைவிடக் கந்தோர்க் கோப்பு மேல் என்று தோன்றும் நாள் வராதிருக்க வேண்டும்.

வேலையா, அந்த மேசையா?

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். உங்களை வாட்டுவது எது என்று சரியாகப் பெயர் சொல்லிப் பாருங்கள். வேலையா? தூரப் பயணமா? ஒரு குறிப்பிட்ட மேலதிகாரியா? ஐந்து பேர் செய்யவேண்டியதை ஒருவர் செய்வதா? அல்லது, கடன் கட்டிமுடியாமல் இந்த வேலையிலேயே கட்டுண்டு கிடக்கிறேனே என்ற நினைவா?

யாத்திராகமத்திலே மோயீசன் காலை முதல் மாலைவரை தனியே இருந்து மக்களின் வழக்குகளைத் தீர்த்துக் களைத்துப்போவதை அவருடைய மாமனார் கண்டார். பணியை விட்டுவிடு என்று அவர் சொல்லவில்லை. இந்தப் பாரம் தனி ஒருவனுக்கு மிஞ்சியது, தகுந்தவர்களோடு பகிர்ந்துகொள் என்றார். மாமனாரின் பேச்சைக் கேட்ட மருமகன்மாரில் முக்கியமானவர் மோயீசன் என்று வேடிக்கையாய்ச் சொல்வதுண்டு. பல சமயங்களில் ஓர் இடமாற்றம், ஒரு பதவி உயர்வை வேண்டாமென்று விடுவது, பொறுப்பான மேலதிக கடமை ஒன்றைக் கைமாற்றுவது ஆகியவற்றால் பாதிப் பாரம் இறங்கிவிடும். பயணம்தான் நோய் என்றால், அருகிலுள்ள இடத்துக்கு மாற்றம் கேட்பதே மருந்து. கடன்தான் நோய் என்றால், வேலையை விடுவது காய்ச்சற்காரனைக் குளத்தில் இறக்குவதுபோலாகும்.

நித்திரையின்மை, காரணமில்லாத அழுகை, எதிலும் பிடிப்பின்மை, சாகலாம் என்ற எண்ணம் ஆகியவை தலைகாட்டினால் அது காணியாற் தீரும் விடயமல்ல. வைத்தியரிடம் போங்கள். மாவட்ட ஆஸ்பத்திரிகளிலே மனநல சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. அங்கே போவதில் வெட்கம் ஏதுமில்லை. கலங்கிய மனத்தோடு இருக்கும்போது இராஜினாமாக் கடிதம் எழுதாதிருப்பது நன்று. சுகப்பட்ட பின்னரும் அதே எண்ணம் நின்றால், அப்போது எழுதலாம்.

இரண்டு கால்களையும் ஒரே நேரத்தில் எடுக்கவேண்டியதில்லை என்பதற்கு அண்மைக்கால உதாரணமும் உண்டு. 2022 ஜூனிலே நாடு உணவுக்கும் எரிபொருளுக்கும் தவித்தபோது, அரசாங்க ஊழியர் வெள்ளிக்கிழமைகளில் வீட்டிலே நின்று தோட்டம் செய்யட்டும் என்று மூன்று மாதங்களுக்கு விடுமுறை வழங்க அமைச்சரவை அங்கீகாரம் அளித்தது. அதே மாதம் வெளியான 14/2022 ஆம் இலக்க அரச நிர்வாகச் சுற்றறிக்கை, சேவை மூப்புக்கும் ஓய்வூதியத்துக்கும் பாதிப்பின்றி ஐந்து ஆண்டுவரை சம்பளமற்ற லீவு எடுத்து வெளிநாட்டிலோ உள்நாட்டிலோ வேறு தொழில் செய்ய இடமளித்தது. பலர் விமானம் ஏறினார்கள். நெருக்கடி நேரத்து ஏற்பாடுகள்தான் இவை. ஆனாலும் 'ஒரு வருடம் லீவிலே நின்று வளவைச் செய்து பார்த்துவிட்டு முடிவெடுப்பேன்' என்ற வழி ஒன்று உண்டு என்பதை அவை காட்டின. இப்போதைய நடைமுறை என்னவென்று உங்கள் திணைக்களத் தாபனப் பகுதியிலே எழுத்திலே கேட்டறியுங்கள்.

கையில் வருவது எவ்வளவு?

அரசாங்க உத்தியோகத்தருக்கு ஒரு சொல். 'இராஜினாமா' வேறு, 'இளைப்பாறுதல்' வேறு. சாதாரணமாக 55 வயதில் விரும்பி இளைப்பாறலாம். 60இல் கட்டாயமாக இளைப்பாறவேண்டும். அதற்கு முன் கோபத்திலே ஒரு வெள்ளைத் தாளில் இராஜினாமா எழுதிக் கொடுப்பவர், இருபது வருடச் சேவைக்குரிய பென்சனையும் அந்தத் தாளோடு கொடுத்துவிடும் அபாயம் உண்டு. 49 வயதிலே விட்டுவிட நினைப்பவர், எந்தப் பிரிவின்கீழ், எந்தத் திகதியில், என்ன உரித்தோடு போகிறார் என்பதை ஓய்வூதியப் பகுதியிடம் எழுத்திலே பெறாமல் பேனாவைத் தொடக்கூடாது.

தனியார் துறையிலும் கூட்டுத்தாபனங்களிலும் இருப்பவர்களுக்கு ஊழியர் சேமலாப நிதி உண்டு. ஊழியர் 8 வீதம், முதலாளி 12 வீதம். ஆனால் ஆணுக்கு 55, பெண்ணுக்கு 50 வயது வரும்வரை, விசேட காரணங்களின்றி அது கைக்கு வராது. இது பலருக்குக் கடைசி நேரத்திலேதான் தெரியவருகிறது. முதலாளி 3 வீதம் செலுத்தும் ஊழியர் நம்பிக்கை நிதியத்தை வேலையை விட்டதும் கோரலாம். இவற்றைவிட, 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, 15 பேருக்குக் குறையாமல் வேலைசெய்யும் இடத்தில் 5 ஆண்டு நிறைத்தவருக்கு, வருடமொன்றுக்கு அரைமாதச் சம்பளம் வீதம் பணிக்கொடை உண்டு. தாமாக விலகினாலும் உண்டு. கடைசிச் சம்பளம் 80,000 ரூபா, சேவை 22 ஆண்டு என்றால் 880,000 ரூபா. கேளாமல் விட்டவர்கள் இருக்கிறார்கள்.

இந்தத் தொகை கைக்கு வந்த மாதம்தான் அபாயமான மாதம். உழவு இயந்திரம் வாங்கலாம், பெரிய கோழிப்பண்ணை போடலாம், மச்சானோடு சேர்ந்து லொறி எடுக்கலாம் என்று யோசனை சொல்ல ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். எமது யோசனை இது: இரண்டு காலபோகத்துக்கான வீட்டுச் செலவை முதலில் தனியே நிலையான வைப்பிலே போடுங்கள். மிச்சத்தைக் கிணற்றுக்கும் வேலிக்கும் நெல் காயவைக்கும் களத்துக்கும் போடுங்கள். இயந்திரத்தை வாடகைக்கு எடுங்கள்.

கடனோடு கமத்துக்குள் இறங்காதீர்கள். வன்னி இதை அறிந்த பூமி. யுத்தம் முடிந்து மக்கள் திரும்பிய ஆண்டுகளிலே, நுண்கடன் கம்பனிகள் வாராவாரம் வாசலில் வந்து வசூலித்த காலத்தை எமது தாய்மார் மறக்கவில்லை. வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாவுக்குட்பட்ட நுண்கடன்களுக்கு 2018இல் அரசாங்கமே நிவாரணம் அறிவிக்கும் அளவுக்கு அது முற்றிப்போயிருந்தது. நெல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை காசு தரும்; கம்பனி வாரத்துக்கு ஒருமுறை காசு கேட்கும். இந்த இரண்டு மணிக்கூடுகளும் ஒருபோதும் ஒத்துவரா.

காணி யார் பெயரில்?

'அப்பா விட்டுப்போன காணி' என்று சொன்னோமல்லவா? வன்னியிலே அநேகமாக அது அனுமதிப்பத்திரக் காணி அல்லது அளிப்புக் காணி. அப்பாவின் பெயரிலேதான் இன்னும் இருக்கும். அவர் பின்னுரித்தாளரைப் பெயர் குறித்துப் பதிந்தாரா? பதியவில்லையானால், உயிரோடிருக்கும் அம்மாவுக்கு ஆயுட்கால உரித்து உண்டு. அதற்குப் பின்னர் சட்டம் சொல்லும் வரிசைப்படி போகும். பழைய சட்டம் ஆண்பிள்ளைகளுக்கு முன்னுரிமை கொடுத்தது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் அந்தப் பாகுபாட்டை நீக்கிவிட்டது. ஆகவே மூத்த அக்கா கனடாவிலே இருக்கிறா, அவவுக்கு இது தேவையில்லை என்று நீங்களே தீர்மானித்துக்கொண்டு தென்னை நாட்டாதீர்கள். யுத்த காலத்திலே பத்திரங்கள் எரிந்தும் தொலைந்தும் போயின. சில காணிகளுக்குள் வனத்திணைக்களத்தின் எல்லைக் கல் வந்து நிற்கிறது. பிரதேச செயலகக் காணிப் பகுதியிலே கோப்பைப் பார்த்து, பெயரை மாற்றி, எல்லையை உறுதிப்படுத்தும் வேலைக்கு வருடக்கணக்கில் அலையவேண்டி வரலாம். அந்த அலைச்சலையும் சம்பளம் வரும் காலத்திலேயே முடித்துவிடுங்கள். சகோதரரிடையே பேச்சு முறிந்துபோன காணியிலே நிம்மதி விளைந்ததை நாம் காணவில்லை.

வீட்டிலே இருப்பவரைக் கேட்டீர்களா?

எம்மிடம் வருகிறவர்களிலே பெரும்பாலோர் ஆண்கள். 'உம்முடைய மனைவி என்ன சொல்லுகிறா?' என்று கேட்டால், 'அவவுக்கும் விருப்பந்தான்' என்பார்கள். மனைவியைத் தனியே கேட்டால் வேறு விடை வரும். ஏனென்றால், இத்தனை ஆண்டும் கோழிக்குத் தீன் போட்டு, ஆட்டுக்குக் குழை ஒடித்து, கத்தரிக்குத் தண்ணீர் ஊற்றி வளவைக் காத்தவர் அவரே. கணவன் வேலையை விட்டு வீட்டுக்கு வந்ததும் வேலை பாதியாகும் என்று அவர் எதிர்பார்ப்பார். வந்தவரோ திட்டம் சொல்லும் மேலதிகாரியாகிவிடுவார்! கந்தோரிலே பட்ட அதே மனவழுத்தம் இப்போது அடுக்களைக்கு இடம் மாறுகிறது. மனைவியும் உத்தியோகம் பார்ப்பவராயின் அவர் இன்னும் எத்தனை ஆண்டு சம்பளத்தைச் சுமக்கவேண்டும், அவருக்கும் களைப்பு உண்டல்லவா என்பதையும் வெளிப்படையாய்ப் பேசுங்கள். யார் எந்த வேலையை எந்த நேரத்தில் செய்வது, விற்ற காசை யார் வைத்திருப்பது என்பதை முதலிலே தீர்மானிப்பது வெட்கமான காரியமல்ல.

பிள்ளைகளையும் மறக்கவேண்டாம். கடைசிப் பிள்ளை உயர்தரப் பரீட்சை எழுதி முடிக்கும்வரை காத்திருப்பது பல குடும்பங்களுக்குப் பொருந்திய எல்லை.

ஓர் ஒத்திகை பாருங்கள். அடுத்த ஆறு மாதத்துக்குச் சம்பளத்திலே பாதியை வங்கியில் போட்டுத் தொடாமல் விடுங்கள். மிச்சப் பாதியோடும் வளவு தருவதோடும் குடும்பம் நடக்கிறதா என்று கொப்பியில் எழுதிப் பாருங்கள். நடந்தால் அடுத்த ஆறு மாதம் காற்பங்கோடு. எந்த மாதத்தில், எந்தச் செலவில் கணக்கு முறிகிறது என்று அந்தக் கொப்பி காட்டும். அதற்கு மருந்து தேடிய பின் மறுபடி பாருங்கள். கோபுரம் கட்டுமுன் உட்கார்ந்து செலவுக் கணக்குப் பார்க்கச் சொன்ன நம் ஆண்டவர் இதைத்தானே சொன்னார்.

கணக்கு நின்றுபிடிக்கிறது, கிணறு நின்றுபிடிக்கிறது, வீட்டார் உடன்படுகிறார்கள் என்றால், எந்த மாதத்தில் விடுவது? தை மாதத்திலே புது வருடத்தோடு விடுவோம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்போது வயலிலே விதைப்பு முடிந்துபோயிருக்கும். வளவிலே மழை முடிந்துகொண்டிருக்கும். முன்னாலே நீண்ட கோடை. வேலையை விட்டவருக்கு முதல் எட்டு மாதமும் செய்ய வேலையின்றி, வருமானமுமின்றி, வற்றும் கிணற்றைப் பார்த்துக்கொண்டிருக்க நேரும். ஆவணிக் கடைசியிலே விடுகிறவருக்கு உடனேயே வேலை காத்திருக்கும். புரட்டாதியில் வரம்பு கட்டி உழவு, ஐப்பசி மழையோடு விதைப்பு, அதே மழையில் வாழைக்குட்டியும் கதியாலும், மேட்டிலே உழுந்தும் கச்சானும், மாசியிலே முதல் நெல். கமநல சேவை நிலையத்திலே பசளை மானியத்துக்கும் பயிர்க் காப்புறுதிக்கும் பெயர் பதிவதும், கமக்காரர் அமைப்பின் காலபோகக் கூட்டத்துக்குப் போய் உங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் எந்தத் திகதியில் என்று கேட்டு எழுதிக்கொள்வதும் அந்த ஆவணி, புரட்டாதி நாட்களிலேதான்.